அண்ணன் பார்த்துக்கொள்வான்

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். "எங்க காலத்துக்கு அப்புறம் இவன் கதி என்னங்க?" கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திலும் சிதம்பரம் நீதிமன்றத்திலும் கறுப்புக் கோட்டு போட்டு என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று எத்தனையோ கேள்விகளைக் கட்சிக்காரர்கள் கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த ஒன்றைக் கேட்கும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். பிள்ளை பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் இருப்பான்.

பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். "அண்ணன் இருக்கான், பாத்துக்குவான்." இந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அப்படிப் பார்த்துக்கொள்கிற அண்ணன்களை, அவர்களைவிட அதிகமாக அக்காக்களை, புவனகிரி தொடங்கி காட்டுமன்னார்கோயில் வரை ஊருக்கு ஊர் கண்டிருக்கிறேன். ஆனால் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகும். திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பிழைக்கப் போவான். கடன் வாங்குவான், உடம்புக்கு வந்து படுப்பான். அவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கை இறுகிப் போனாலே போதும், தம்பியின் பங்கு கண்ணில் படத் தொடங்கிவிடும். எழுபதைத் தாண்டிய இந்த வயதில் இளம் பெற்றோருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: நீங்கள் திடமாக இருக்கும்போதே பிள்ளையின் உரிமையை எழுத்தில் ஏற்றுங்கள், நாலு பேர் பார்த்துக் கேள்வி கேட்கும்படி வையுங்கள், அந்த எழுத்தில் பிள்ளையின் விருப்பமும் இடம்பெறட்டும்.

சொத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அநியாயம் அதிகமாக நடக்கிற இடம் அது. பழைய இந்து சட்டம், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பேச முடியாதவர், புத்தி வளராதவர் எல்லோரையும் வாரிசு வரிசையிலிருந்து தள்ளி வைத்திருந்தது. சோறும் துணியும் கொடுத்தால் கடமை தீர்ந்தது. 1928-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து இந்தத் தடையை நீக்கினார்கள். அப்போதுகூடப் பிறவியிலேயே புத்தி சுவாதீனம் இல்லாதவரையும் அறிவு வளர்ச்சி இல்லாதவரையும் மட்டும் வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர்களையும் உள்ளே சேர்த்தது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். நோயோ குறைபாடோ ஊனமோ எதுவும் ஒருவருடைய வாரிசுரிமையைப் பறிக்காது என்று அதன் 28-ஆவது பிரிவு சொல்கிறது. பரங்கிப்பேட்டை முஸ்லிம் குடும்பங்களின் மார்க்கச் சட்டத்திலோ இப்படி ஒரு விலக்கு முதலிலேயே கிடையாது. ஆக, இன்றைக்கு எந்த வீட்டிலும் அந்தப் பிள்ளைக்கு உடன்பிறந்தவர்களைப் போலவே பங்கு உண்டு. சட்டம் மாறி ஏறக்குறைய எழுபது ஆண்டு ஆகிறது. ஊர் நியாயம் பேச உட்காருகிறவர்கள் இன்னமும் "அவனுக்கு எதுக்குய்யா நிலம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

இப்படித்தான் ஒரு குடும்பம். அப்பா இறந்து ஒரு வருடம் திரும்புவதற்குள், அண்ணன் தம்பிக்குப் புதுச் சட்டை வாங்கிப் போட்டு, பைக்கில் உட்கார வைத்து, சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். வரும் வழியில் பிரியாணி. தம்பிக்கு அன்றைக்குத் திருவிழாதான். தம்பி தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் பதிவானது வீட்டில் யாருக்கும் தெரியாது. கூட்டுப் பட்டாவில் தம்பி பெயர் இல்லாததைப் பல மாதம் கழித்து அக்கா கண்டுபிடித்தார். வழக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் அந்தப் பையனிடம், "அன்னைக்கு அங்க என்ன பண்ணின?" என்று கேட்டேன். இடது கைக் கட்டை விரலை நிமிர்த்தி நீதிபதியிடம் காட்டி, "மை" என்றான். அப்புறம், "சோப்பு போட்டும் போவல" என்றான். அந்தப் பத்திரத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு வாதம்தான் கவனிக்க வேண்டியது. "மாற்றுத்திறனாளிக்கும் சட்டத் தகுதி உண்டு என்கிறீர்களே, அவர் சம்மதித்துத்தானே கைரேகை வைத்தார்?" என்றார்கள். உரிமை கொடுக்க வந்த சட்டத்தையே உரிமையைப் பிடுங்கும் ஆயுதமாகத் திருப்பிப் பிடிக்கப் பார்த்தார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, மற்ற எவரையும் போல இவர்களுக்கும் சொத்து வைத்துக்கொள்ளவும், தம் பண விவகாரத்தைத் தாமே கவனிக்கவும், கடன் பெறவும் உரிமை உண்டு என்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. முடிவெடுக்க உதவி செய்கிறவருக்கும் அந்த மாற்றுத்திறனாளிக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலில் நலன் முரண்பட்டால், உதவி செய்கிறவர் அந்த விஷயத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். பங்கு யாருக்குப் போய்ச் சேருகிறதோ அவரே கையைப் பிடித்து மையில் தோய்த்தால் அது எப்படிச் சம்மதமாகும்? எழுதியதை விளங்கிக்கொள்ள முடியாதவர் செய்துகொடுத்த ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்லியிருக்கிறது. பையனின் பங்கு அவனுக்குத் திரும்பி வந்தது. அக்கா ஒருத்தி விழித்திருந்ததால் வந்தது. அக்கா இல்லாத வீடுகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உயில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "என் சொத்து முழுவதும் மூத்த மகனுக்கு, அவன் தம்பியை ஆயுள் பரியந்தம் வைத்துக் காப்பாற்ற வேண்டியது" என்று எழுதித் தரச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். எழுதியவர் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் மூத்தவன் காப்பாற்றாவிட்டால் அந்த வரியை வைத்துக்கொண்டு வழக்குப் போடப் போவது யார்? தம்பியா? அவன் பங்கை அவன் பெயரிலேயே வையுங்கள், அல்லது ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தி, குடும்பத்தில் ஒருவர், வெளியாள் ஒருவர் என்று பொறுப்பாளர்களை நியமித்து, வருமானம் அவனுக்கே சேரும்படி செய்யுங்கள். அண்ணனை நம்பவில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. நாளைக்கு அவனுக்கு ஒரு நெருக்கடி வரும்போது தம்பியின் பங்கில் கைவைக்கச் சொல்லி அவனைத் துரத்துகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் காட்டுவதற்கு அவனுக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

அடுத்தது காப்பாளர் விஷயம். கார்டியன் சர்டிபிகேட் என்பார்கள். பிள்ளைக்கு 18 வயது முடியும்வரை பெற்றோர்தான் இயற்கைக் காப்பாளர். 18 முடிந்த மறுநாளே சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர். வங்கியிலோ ஓய்வூதிய அலுவலகத்திலோ ஒரு வேலை நடக்காமல் நிற்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் என்றே 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்டந்தோறும் ஆட்சியர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் கொண்ட உள்ளூர் அளவிலான குழு இருக்க வேண்டும். நம் மாவட்டத்தாருக்கு வழி கடலூர் கலெக்டர் ஆபீஸ்தான். அதற்கென்று வக்கீல் வைத்து வாதாட வேண்டியதில்லை. பெற்றோரோ உறவினரோ மனுக் கொடுத்தால் போதும்.

மனுவைப் பார்க்கும்போது குழு இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இவருக்குக் காப்பாளர் தேவைதானா? தேவை என்றால் எந்தெந்தக் காரியத்துக்கு? இந்த இரண்டாவது கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். பெரும்பாலான அப்பாக்கள் "எல்லாத்துக்கும்தான்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அப்படி ஒரு விசாரணைக்குப் போயிருந்தேன். பெண்ணுக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். தன் காலத்துக்குப் பிறகு மகன் காப்பாளராக இருக்கட்டும் என்று அப்பா மனுக் கொடுத்திருந்தார். மகனும் ஃபைலோடு நின்றார். குழுவில் இருந்த மாற்றுத்திறனாளி உறுப்பினர் தம் சக்கர நாற்காலியை அந்தப் பெண் பக்கம் திருப்பிக்கொண்டு, "உன் ஏடிஎம் கார்டு யாருகிட்ட இருக்கணும்மா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். உறுப்பினர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பெண் யோசித்தாள், நன்றாகவே யோசித்தாள். "சித்திகிட்ட. அண்ணன் கத்தும்" என்றாள். பிறகு, "டெய்லர் கடைக்கு நானே போவேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள். டெய்லர் கடையில் அவள் பித்தான் தைக்கிறாள் என்பது அங்கே இருந்த எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரியும். வங்கி, சொத்து, மருத்துவம் ஆகியவற்றுக்கு மட்டும் சித்தியைக் காப்பாளராகப் போடலாம் என்று பேச்சு அந்த இடத்திலேயே திரும்பியது. அண்ணன் முகம் சற்று வாடியது உண்மை. ஆனால் வெளியே வந்ததும் தங்கைக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

2016 சட்டம் இதைத்தான் வரையறுக்கப்பட்ட காப்பாண்மை என்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, அந்த நபரின் விருப்பப்படி, இரண்டு பேரும் கலந்து முடிவெடுப்பது. காப்பாளர் என்றால் எஜமானர் ஆகிவிட முடியாது. 1999 சட்டப்படி அவர் நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் விட்டாலோ சொத்தைத் தின்றாலோ அவரை நீக்கலாம். இந்தக் கணக்கை எத்தனை பேர் கொடுக்கிறார்கள், கொடுக்காதவரை யார் கேட்கிறார்கள் என்பதில்தான் எனக்கு மனக்குறை. சட்டம் போட்ட வேலியை நாம்தான் நடுவிலே பிரித்துவிட்டு நிற்கிறோம். ஒன்று கூடச் சொல்ல வேண்டும்: காப்பாளர் போட்டதனாலேயே ஓட்டுரிமை போய்விடாது. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தவருக்கு மட்டும்தான் வாக்காளர் பட்டியலில் தடை. ஆட்சியர் குழு கொடுக்கும் காப்பாளர் ஆணை அந்த அறிவிப்பு ஆகாது.

பிள்ளையையே கேளுங்கள் என்று நான் சொல்வது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று நினைப்பவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சொல்கிறேன். 2009-இல் சண்டிகரில், அரசு இல்லத்தில் இருந்த ஆதரவற்ற இளம்பெண், லேசான மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர், இல்லத்துக்குள்ளேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். கருவைக் கலைத்துவிட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். சுசிதா ஸ்ரீவத்ஸவா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு உயர் நீதிமன்ற உத்தரவை நிறுத்தியது. மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறைபாடு வேறு. வயது வந்த, மனவளர்ச்சி குன்றிய பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருக்கலைப்புச் செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பது தீர்ப்பு. அந்தப் பெண்ணால் குழந்தையை வளர்க்க முடியுமா என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். வளர்க்க உதவி செய்வது அரசின் வேலை, உதவி தேவைப்படுகிறது என்பதற்காக அவள் உரிமையை எடுத்துவிட முடியாது என்றே நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்று ஜீஜா கோஷ் வழக்கு. மூளை முடக்குவாதம் உள்ளவர், படித்தவர், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக வேலை செய்கிறவர். 2012 பிப்ரவரி 19 அன்று ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் புறப்பட்டவரை, அவர் நடையையும் பேச்சையும் பார்த்துப் பயணத்துக்குத் தகுதியில்லை என்று முடிவு கட்டி, ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் சும்மா விடவில்லை. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. விமானம் நமக்கு எட்டாத கதை என்று நினைக்க வேண்டாம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில், கை கால் இழுத்துக்கொள்ளும் பிள்ளையோடு ஏறுகிற தாயைப் பார்த்து "அடுத்த வண்டியில வாம்மா" என்கிற கண்டக்டருக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

இனிச் சொல்லப் போவதைப் பெற்றோர் தயங்காமல் படிக்க வேண்டும். பேச்சுச் சரியாக வராத பெண்பிள்ளைகள் மீது கைவைக்கிறவன், அவள் பேச்சு எடுபடாது என்ற தைரியத்தில்தான் கைவைக்கிறான். ஊரும் "அதுக்கு என்ன தெரியும்" என்று அவனுக்குத் துணை நிற்கிறது. 2013-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கு வழி செய்தார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால் பாலியல் குற்றப் புகாரை அவர் வீட்டுக்கோ அவர் சொல்கிற இடத்துக்கோ போய்ப் போலீஸ் பதிவு செய்ய வேண்டும். சிறப்பாசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் கூட இருக்க வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலத்தையே முதல் விசாரணையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கூண்டில் ஏறித் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, குறுக்கு விசாரணை மட்டும்தான்.

சிறப்பாசிரியர் ஏன் வேண்டும் என்பதற்கு நானே சாட்சி. கடலோரக் கிராமத்துச் சிறுமி ஒருத்தி. எந்த நாளில் நடந்தது என்று எப்படிக் கேட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. திங்கள், செவ்வாய் எல்லாம் அவள் கணக்கில் இல்லை. "கொண்டக்கடல போட்டாங்கல்ல, அன்னிக்கி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடப் போனார். பக்கத்தில் இருந்த ஆசிரியைதான், "சார், அவ சத்துணவச் சொல்றா" என்று பள்ளிச் சத்துணவுப் பட்டியலை வரவழைத்துக் காட்டினார். நாள் கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளை முதலிலிருந்தே சரியான தேதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடி, உதை, பட்டினி, பூட்டி வைத்தல் எதுவானாலும் 2016 சட்டத்தின் 7-ஆவது பிரிவுப்படி நிர்வாக நடுவரிடம், நம் பேச்சில் சப்-கலெக்டர், ஆர்.டி.ஓ., தாசில்தாரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கலாம், டீச்சர் கொடுக்கலாம். தன் பொறுப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே சோறு தண்ணீர் கொடுக்காமல் இருப்பது 92-ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பொது இடத்தில் வேண்டுமென்றே கேவலப்படுத்துவதும் அதே பிரிவில்தான் வருகிறது.

வீட்டில் முடியாதவர்கள் எங்காவது இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று கேட்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு மனநல இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதோடு பாடம் முடிந்தது என்று நினைத்தோம். 2023 பிப்ரவரியில் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் அதிகாரிகள் நுழைந்தபோது, மனநலம் பாதித்தவர்களும் ஆதரவற்றவர்களும் உரிய உரிமம் இல்லாமல் அங்கே வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், பாலியல் கொடுமை நடந்தது என்று புகார்கள் எழுந்து சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போனது. இத்தனைக்கும் தொடக்கம், அங்கே சேர்த்த முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் போட்ட ஓர் ஆட்கொணர்வு மனு. ஆட்கொணர்வு மனுவின் வலிமையை நம் மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1993-இல் முதனை ராசாக்கண்ணுவைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய் அவர் திரும்பாதபோது, அவர் மனைவிக்காக வழக்கறிஞர் சந்துரு பிடித்த பிடி அதுதான். 'ஜெய் பீம்' பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளையை இல்லத்தில் சேர்க்கிறவர்கள் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். பார்க்க விடாத இடம் எதுவானாலும் அங்கே விடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை வாங்காதவர்கள் உடனே வாங்குங்கள். சிறுவயதில் எடுத்த சான்றிதழை 18 வயதானதும் புதுப்பியுங்கள். மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகை அதை வைத்துத்தான். அப்பா அம்மா அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க முடியாத பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுளுக்கும் உண்டு. பணியில் இருக்கும்போதே அவன் பெயரையும் குறைபாட்டையும் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். நெய்வேலியில் சுரங்க வேலை பார்க்கிறவர்கள், வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத் திட்டத்தில் நிரந்தர முழு ஊனமுள்ள பிள்ளைக்கு உள்ள வாழ்நாள் ஓய்வூதியத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்குப் போடக் காசில்லை என்று யாரும் வீட்டில் உட்கார வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, சிதம்பரத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு, நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கின்றன. 15100-க்கு போன் செய்தாலும் சரி. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரத்தை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2004 டிசம்பர் 26-ஐ தேவனாம்பட்டினமும் கிள்ளையும் மறக்கவில்லை. "ஓடு" என்று கத்தினால் ஓடத் தெரியாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று உங்கள் கிராம நிர்வாக அலுவலரின் பட்டியலில் இருக்கிறதா, கேளுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் கருணை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பிறந்த நாள், திதி என்று சிறப்புப் பள்ளிகளுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்களைப் பார்க்கிறேன். பிள்ளைகளும் வடை பாயசத்தைக் கண்டு மகிழ்கிறார்கள். அப்படி வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, சாப்பாடு ஆனதும் இன்னும் அரை மணி நேரம் இருங்கள். எந்தப் பிள்ளைக்கு அட்டை இல்லை, எந்தத் தாய் கடலூருக்கு வரப் பஸ் செலவுக்குத் தவிக்கிறாள் என்று விசாரியுங்கள். ஒரு மனுவை எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை மனு நாளில் கூட வந்து நில்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பெற்றோரின் கேள்வியில் ஒரு பகுதிக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எல்லாக் காகிதமும் இருக்கிறது, அண்ணன் இல்லை, அக்கா இல்லை. அந்தப் பிள்ளை ராத்திரி எங்கே தூங்குவான்? மாற்றுத்திறனாளியும் சமூகத்துக்குள் வாழ உரிமை உள்ளவர், இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு வராதபடி அரசு முயல வேண்டும் என்று 2016 சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியானால் ஊருக்கு வெளியே நூறு பேரை அடைக்கும் கட்டடம் நமக்கு வேண்டாம். கடைத்தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில், ஐந்தாறு பேர் சேர்ந்து வாழ்கிற சாதாரண வீடு வேண்டும். சமைத்துக் கொடுக்கவும் மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். அந்த வீட்டை யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் வந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று, விருத்தாசலத்தில் ஒன்று என்று தொடங்கலாம். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் செய்த திருத்தங்களால் ஊராட்சிகளிலும் நகர்மன்றங்களிலும் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக உட்கார வழி பிறந்திருக்கிறது. அவர்களிடம் முதல் மனுவாக இதைக் கொடுக்கலாம் என்று சில பெற்றோரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் பகுதியில் பிள்ளைகளுக்கும் இடம் விட்டிருக்கிறோம். கைரேகை வைக்கிறவர்களுக்கு முதலில் முழுவதையும் படித்துச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் முடிவு.